வேதமுத்துக் கங்காணியின் பொய்ச் சீக்கு

வேதமுத்துவைப் பத்தி யாராச்சும் கேட்டா எனக்கு முதல்ல கோவந்தானுங்க வரும். அந்த மனுசன் என்னைப் படுத்துன பாடு கொஞ்சநஞ்சமில்லை. கோயமுத்தூர்ல நர்சிங் முடிச்சு, அதுக்கு மேல டியூட்டர் படிப்பும் முடிச்சு, மருதாத்தா டீச்சராயிட்டான்னு மீனாட்சிபுரத்துல எங்க ஊட்டு எருமை வரைக்கும் தலைகால் தெரியாம ஆடிட்டிருந்த சமயம். மறையூருக்கு மேல செவந்திமலை எஸ்டேட்டுல வேலை. எஸ்டேட் ஆஸ்பத்திரியோட ஒட்டுன மாதிரி ஒரு சின்ன நர்ஸ் பள்ளிக்கூடம், தோட்டத்து ஆளுக குடியிருக்கற லயத்துப் பொண்ணுகளைப் படிக்க வெச்சு நர்ஸாக்கறதுக்கு. பெட்டியை இறக்கி வெச்சுட்டு நிமுந்து பாக்கறேன், காக்கித் தொப்பியும் கம்பளிக் கோட்டுமா ஒருத்தர் காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு நடந்து வர்றார். வந்தவர் வாங்கன்னு சொல்லலை. "டீச்சர், உங்களுக்கு எந்த நிரை வேணும்?"ங்கறார்.

நிரைன்னா தேயிலைச் செடி வரிசைங்க. கொழுந்து பறிக்கற பொம்பளைக்கு ஆளுக்கொரு நிரைன்னு கங்காணி பிரிச்சு விடுவார். நான் என்ன, கூடை கட்டிட்டு மலையேறவா வந்தேன்? மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டேன். பெரிய டீச்சர் கத்தரீனாள் அக்காதான் என்னை அக்கட்டால கூட்டிட்டுப் போய் விசயத்தைச் சொன்னாங்க. வேதமுத்து கொழுந்துக் கங்காணி. ஒரு மழைக்காலத்துல வாய்க்கால்ல வழுக்கி விழுந்து முட்டி உடைஞ்சு போச்சு. சரிவுல ஏற முடியாது. பழைய கம்பெனித் துரை, "நர்ஸ் பள்ளிக்கூடத்துல டீச்சருங்களுக்கு ஒத்தாசையா இரு"ன்னு ஒரே வார்த்தை சொல்லி அனுப்பிட்டார். அந்த ஒத்தாசைக்கு என்ன பேருன்னு துரையும் சொல்லலை, இவரும் கேக்கலை.

இவருக்குத் தெரிஞ்சது கங்காணி வேலை ஒண்ணுதான். அதையே எங்ககிட்ட நடத்துனார். காலையில பாடம் பிரிக்கறது நிரை பிரிக்கற மாதிரி. "கத்தரீனாள் டீச்சருக்குப் பிரசவ நிரை. மருதாத்தா டீச்சருக்குக் காய்ச்சல் நிரை. காய்ச்சல் முடிஞ்சா கட்டுப் போடுத நிரைக்குப் போயிரலாம்." நாம கிளாசுக்குள்ள போறப்ப சார்ட் ஆணியில தொங்கும், தண்ணி கொதிச்சிருக்கும், பேசின் கழுவி இருக்கும். அது வரைக்கும் குறை சொல்ல மாட்டேன். கிளாஸ் முடிஞ்ச பொறவுதான் இருக்குது அக்கப்போரு. பறிச்ச செடியில கொழுந்து மிச்சம் நிக்குதான்னு கங்காணி பின்னாடியே பாத்துட்டு வருவாரில்ல, அது மாதிரி பொண்ணுக மூஞ்சியை ஒவ்வொண்ணாப் பாத்துட்டு எங்கிட்ட வருவார்.

"டீச்சர், கடைசிப் பெஞ்சுல சன்னலோரம் ஒரு செடி நிக்கி. கொழுந்து அப்படியே இருக்கு. ஒண்ணும் புரியலை அதுக்கு."

"ஏனுங்க கங்காணி, நான் பாடம் சொல்றனா, கொழுந்து பறிக்கறனா?"

"ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர். இன்னிக்கி எட்டிப் பறிக்காட்டி நாளைக்கி முத்திரும்."

எனக்குப் பத்திட்டு வரும். இத்தனைக்கும் அவருக்கு நர்சிங் ஒரு மண்ணும் தெரியாதுங்க. தெர்மாமீட்டரை எதுக்கு உதறறோம்னு கேட்டா, முந்தின ஆளோட காய்ச்சலைக் கீழ கொட்டறதுக்குன்னு சொல்லுவார். அப்படி நான் உதறறப்பவெல்லாம் அவர் காலைப் பின்னாடி இழுத்துக்குவார், காய்ச்சல் மேல பட்டுரும்னு. அப்படிப்பட்ட ஆளு என்ற பாடத்துல மிச்சம் இருக்குதுன்னு சொன்னா எப்படி இருக்கும்? ஆனா அந்தச் சன்னலோரத்துப் பொண்ணைக் கூப்பிட்டுக் கேட்டுப் பாத்தா, நெசமாலுமே ஒண்ணும் தெரியாம முழிக்கும். அதுல இன்னும் எச்சா ஆத்திரம் வரும்.

அவர் செஞ்சதுலயே பெரிய வேலை சீக்காளி பிடிச்சுட்டு வர்றதுதான். பள்ளிக்கூடத்துல ஒரு பொம்மை இருந்துச்சு. கப்பல்ல வந்தது, மஞ்சள் முடி, நீலக் கண்ணு. பொண்ணுக அதுக்குத் துரைசானின்னு பேரு வெச்சிருந்தாங்க. ஒரு கால் எப்பவோ கழண்டு எங்கயோ போயிருச்சு. துரைசானியைக் குளிப்பாட்டிப் பழகுன பொண்ணு நெச ஆளைத் தொடறப்ப வெடவெடன்னு நடுங்கும். துரைசானி கூச்சப்பட மாட்டா, வையவும் மாட்டா. அதனால ஒரு நல்ல ஆளைக் கட்டில்ல படுக்க வெச்சு, தலையில கட்டுப் போட்டு, கால்ல பலகை வெச்சுக் கட்டி, போர்த்தி விட்டுத்தான் பாடம் நடத்தணும்.

லயத்துல எவ படுப்பா? நல்லா இருக்கற மனுசி ஆஸ்பத்திரிக் கட்டில்ல சும்மா படுத்தாக்கூட எமன் பாத்துட்டு ஆள் ரெடின்னு நெனைச்சுக்குவான்னு அவிய நம்பிக்கை. அதுக்கு மேல இன்னொரு தொல்லை. ஒருத்தருக்குச் சீக்குன்னா அந்த எஸ்டேட்டே பாக்க வரும். போகாம இருக்கறது பெரிய குத்தம். தலைமுறைக்கும் பேச்சு நிக்கும். வெறுங்கையோட போறது அதை விடப் பெரிய குத்தம். ரொட்டி வாங்கணும், ரெண்டு ஆரஞ்சாச்சும் வாங்கணும். எங்கூர்ல கல்யாணத்துக்குக்கூட ஒறம்பரை அத்தனை வேகமா வராதுங்க.

இதுக்கு வேதமுத்து ஒரு வழி வெச்சிருந்தார். எஸ்டேட்டுல விடியக்காலம் பெரட்டுன்னு ஒண்ணு நடக்கும். அத்தனை பேரும் களத்துல வரிசையா நிப்பாங்க, பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவாங்க. கங்காணி "பெரட்டு"ன்னு ஒரு குரல் கொடுத்தா போதும், தூக்கத்துல நடக்கறவன்கூட வரிசையில போய் நிப்பான். பாடம் இருக்கற அன்னைக்கு இவர் அங்க போய்க் கல்லு மேல ஏறி நின்னுக்குவார். "இன்னிக்கி முத்துப்பேச்சிக்குப் பொய்ச் சீக்கு. பள்ளிக்கூடத்துப் பாடத்துக்காகப் படுக்கா. யாரும் ரொட்டி வாங்காதீய. பொய்ச் சீக்கு, பொய்ச் சீக்கு, பொய்ச் சீக்கு."

"மூணு தடவை எதுக்குங்க?"ன்னு ஒரு நாள் கேட்டேன்.

"மொதத் தடவை சனத்துக்கு. ரெண்டாவது, தூங்கிட்டு நிக்கவனுக்கு. மூணாவது எமனுக்கு. அவன் காதுலயும் விழணுமில்லா."

"நீங்க ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறவரு. எமனை நம்பறீங்களா?"

"பாதர் எமனைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே டீச்சர். இல்லைன்னும் சொல்லலை."

இப்படியே ஓடிட்டிருந்துச்சு. அப்பறம் கம்பெனி கை மாறுச்சு. எமர்ஜென்சிக் காலம். ஒழுங்கு, கடமைன்னு பாக்கற செவுத்துல எல்லாம் எழுதியிருந்தாங்க. பழைய துரைமாருக கோட்டைக் கழட்டி மாட்டிட்டுக் கப்பலேறிட்டாங்க. புதுக் கம்பெனி ஒரு ஆபீசரை அனுப்புச்சு. பேரு செங்கோட்டையன், கோபிச்செட்டிபாளையம் பக்கம். வந்தவர் "ஏனுங்க டீச்சர், சௌக்கியமுங்களா"ன்னு கேட்டதும் எனக்கு உச்சி குளுந்து போச்சு. அந்த மலையில அந்தப் பேச்சைக் கேட்டு எத்தனை நாளாச்சு. நம்ம பக்கத்து ஆளு, நல்லது செய்வார்னு நெனைச்சேன். நெனைப்புத்தான் பொழப்பைக் கெடுத்துச்சு.

அவருக்கு ஒரு வியாதி. எஸ்டேட்டுல இருக்கற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பதவிப் பேரு வேணும், அந்தப் பேருக்கு ஒரு வேலை வேணும். வேதமுத்துகிட்ட வந்ததும் முட்டிட்டு நின்னார்.

"கொழுந்துக் கங்காணிக்கு நர்ஸ் பள்ளிக்கூடத்துல என்னங்க சோலி?"

"எங்களுக்கு ஒத்தாசைங்க"ன்னாங்க கத்தரீனாள் அக்கா.

"ஒத்தாசைன்னு ஒரு பதவி கம்பெனியில கிடையாதுங்க. கங்காணின்னா கொழுந்துக்காட்டுக்குப் போகட்டும். முடியலைன்னா நின்னுக்கட்டும்."

நின்னுக்கட்டும்னு அவர் பொசுக்குன்னு சொல்லிட்டார். வேலையில இருந்து நின்னா லயத்து வீட்டையும் விடணும், அதுதான் எஸ்டேட் சட்டம். அந்த முட்டியோட சரிவுல ஒரு வாரம் தாங்குவாரா? வேதமுத்துக்கும் அவர் சம்சாரம் சிசிலி அக்காவுக்கும் அந்த ஒத்தை அறையை விட்டா போறதுக்கு ஊர் கிடையாது. மகளைக் கட்டிக் கொடுத்த போடிநாயக்கனூர்ல போய்ச் சம்பந்தி ஊட்டு வாசப்படியில உக்காரணும். சிசிலி அக்கா அன்னைக்குச் சாயங்காலம் எங்க அறைக்கு வந்து சட்டி பானை கட்டறதுக்குச் சாக்கு இருக்குதான்னு கேட்டாங்க. திட்டறதுக்குன்னே இருந்த ஒரு ஆளு போயிட்டா அப்பறம் யாரைத் திட்டறது?

நான் செங்கோட்டையன்கிட்ட நேராப் போய் ஓரியாட்டம் போட்டேன். கடைசியில அவர் ஒரு யோசனை சொன்னார். "ஒண்ணு பண்ணலாமுங்க. வேதமுத்து இல்லாம ஒரு பாடம் நடத்திக் காட்டுங்க. நான் வந்து உக்காந்து பாக்கறேன். நல்லா நடந்துச்சுன்னா அவர் தேவையில்லை. நடக்கலைன்னா பாக்கலாம்."

இது எப்படி இருக்குது பாருங்க. நல்லாப் பாடம் எடுத்தா மனுசன் பொழப்பு போயிரும். மட்டமா எடுத்தா எங்க மானம் போயிரும். கிளாஸ் கெட்டுப் போகணும் மாரியாத்தான்னு வேண்டிக்கிட்ட டீச்சர் உலகத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். பேசினைக் கீழ போட்டுரலாம், கட்டை அவுந்து விழற மாதிரி கட்டலாம்னு கத்தரீனாள் அக்காவும் நானும் திட்டம் போட்டோம். வேதமுத்து கதவோரம் நின்னு கேட்டுட்டார். அன்னைக்குத்தான் அவர் எம்மேல கோவப்பட்டு நான் பாத்தேன்.

"என்ன டீச்சர் இப்படிப் பேசுதீய? நான் நிரை பிரிச்ச ஆளுங்க மட்டமாப் பறிச்சாவன்னு பேரு வரணுமா? சன்னலோரத்துப் பிள்ளைக்குப் புரியுதாப்பில எடுங்க. என் வீடு போனாப் போகுது."

போட்ட திட்டத்தை அங்கேயே விட்டுட்டோம்.

பாடத்தன்னைக்கு அவரைப் பள்ளிக்கூடத்துக்குள்ள கால் வைக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. வெளிய சவுக்கு மரத்தடிக் கல்லுல உக்காந்துட்டார். அது மட்டுமில்லை, பெரட்டுக்களத்துல ஆஸ்பத்திரிச் சமாச்சாரம் பேசறது ஒழுங்கில்லைன்னு செங்கோட்டையன் அதையும் நிறுத்திட்டார். "சீக்காளி வேணும்னா நான் அனுப்பறேன். ஒரு ஆளு அனுப்பத் தெரியாதா ஆபீசுக்கு?" சொன்ன மாதிரி ஆள் விட்டு, எப்பவும் சீக்காளியாப் படுக்கற முத்துப்பேச்சியை லயத்துல இருந்து நேரா கட்டிலுக்குக் கூட்டிட்டு வந்துட்டார். அவ பெரட்டுக்கே போகலை. வழக்கம் போலச் சொல்லியிருப்பாங்கன்னு நெனைச்சுப் படுத்துட்டா.

முத்துப்பேச்சி நல்ல சீக்காளிங்க. தலையில கட்டு, கால்ல பலகை, கண்ணை மூடிட்டு ஒரு மொனகல் மொனகுவா பாருங்க, எனக்கே சந்தேகம் வந்துரும். செங்கோட்டையன் நாற்காலி போட்டு உக்காந்தார். நான் ஆரம்பிச்சேன். கங்காணி கோவப்பட்டதாலயோ என்னமோ, அன்னைக்கு மாதிரி நான் பாடம் எடுத்ததே இல்லை. படுத்திருக்கறவங்களை வலிக்காம எப்படித் திருப்பறது, அவிய கூச்சத்தை எப்படிக் காப்பாத்தறதுன்னு ஒண்ணொண்ணா வருது. சன்னலோரத்துப் பொண்ணு தலையாட்டறா. செங்கோட்டையனும் தலையாட்டறார். அவர் ஆட்டற ஒவ்வொரு ஆட்டுக்கும் சிசிலி அக்கா ஊட்டுல ஒரு சட்டி பானை வெளிய போற மாதிரி எனக்குத் தெரியுது.

அப்பத்தான் சன்னல்ல ஒரு தலை தெரிஞ்சுச்சு. கொழுந்து நிறுக்கறதுக்குப் போறவ ஒருத்தி, கூடையோட. உள்ள எட்டிப் பாத்தா. முத்துப்பேச்சியைப் பாத்தா. தலைக்கட்டைப் பாத்தா. ஆபீசரே பக்கத்துல உக்காந்திருக்கறதையும் பாத்தா. பெரட்டுல வேதமுத்து ஒண்ணும் சொல்லலை. அவர் சொல்லலைன்னா அது நெசச் சீக்கு. கூடையை அங்கேயே போட்டுட்டு ஓடிட்டா.

நான் துண்டைப் பிழிஞ்சு முடிக்கறதுக்குள்ள வாசல்ல பத்துப் பேரு. எல்லார் கையிலயும் ரொட்டி. அதுக்குப் பொறவு வந்தவிய கையில பன்னு. கேண்டீன்ல ரொட்டி தீந்து போச்சாம். அப்பறம் வந்தவிய மறையூர் வெல்லத்தைப் பொட்டலம் கட்டிட்டு வந்தாங்க. தலையில அடிபட்டவளுக்கு வெல்லம் எதுக்குன்னு கேக்காதீங்க, வெறுங்கையோட வர முடியுமா? ஒருத்தி நெஞ்சுல அடிச்சுட்டு, "காலையில எங்கிட்ட தீப்பெட்டி வாங்கிட்டுப் போனாளே"ன்னு ஒப்பாரியை எடுத்தா.

செங்கோட்டையன் எந்திரிச்சு நின்னு சத்தம் போட்டார். "இந்தம்மாவுக்கு ஒண்ணுமில்லைங்க. எல்லாரும் வேலைக்குப் போங்க."

அதோட போச்சு. கம்பெனி ஒண்ணுமில்லைன்னு சொன்னா ஆள் முடிஞ்சுதுன்னு அர்த்தம், அது அத்தனை வருசத்து அனுபவம் அவியளுக்கு. ஒப்பாரி ரெண்டு மடங்காயிருச்சு.

கூட்டத்தைப் பிளந்துட்டு அழகுமலை வந்தான். முத்துப்பேச்சி புருசன், டீ பாக்டரியில வேலை. அவளை ஏட்டி போட்டின்னுதான் கூப்பிடுவான், ஒரு நல்ல வார்த்தை அவன் வாயில வந்து யாரும் கேட்டதில்லை. கட்டில் காலைப் பிடிச்சுட்டுக் கீழ உக்காந்துட்டான். "எந்தாயீ, உன்னைய விட்டா எனக்கு யாரிருக்கா? நீ வெச்ச கொழம்பைக் குறை சொன்னேனே, அந்த நாக்கு அழுகிப் போகணும்"ங்கறான்.

நான் குனிஞ்சு முத்துப்பேச்சி காதுல, "எந்திரிச்சுரு தாயி, கெரகம் பிடிச்ச மாதிரி ஆயிருச்சு"ன்னேன். அவ ஒத்தைக் கண்ணைத் தொறந்தா. "செத்த இருங்க டீச்சர். இன்னும் என்னமோ சொல்ல வாராரு"ன்னுட்டு மறுபடி மூடிட்டா. மொனகலைக் கொஞ்சம் கூட்டியும் விட்டா.

கொழுந்துக்காட்டுல ஒரு ஆள் இல்லை. பாக்டரியில இருந்து ஒருத்தர் மூச்சு வாங்க ஓடி வந்து, கொழுந்து வரலை, மிஷின் சும்மா ஓடுதுன்னார். செங்கோட்டையன் சட்டையெல்லாம் வேர்வை. அவர் கையில யாரோ ரெண்டு ஆரஞ்சைக் கொடுத்துட்டாங்க, அதைக் கீழ வெக்கவும் தெரியலை. ஆரஞ்சோடயே வெளிய போனார், சவுக்கு மரத்தடிக்கு.

"உள்ள வாங்க கங்காணி."

"வரக்கூடாதுன்னு உத்தரவுங்க."

"நாந்தான் சொல்றேன், வாங்க சாமி."

வேதமுத்து தொப்பியைச் சரி பண்ணிட்டு, காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு வந்து வாசல்ல நின்னார். யாருக்கும் எதையும் விளக்கலை. தொண்டையைச் செருமிட்டு ஒரே குரல். "பெரட்டு!"

நெஞ்சுல அடிச்சுட்டிருந்த கை அப்படியே நின்னுச்சு. அத்தனை சனமும் வரிசையா நின்னாங்க, ரொட்டியைக் கக்கத்துல இடுக்கிட்டு. அழகுமலை கண்ணைத் துடைச்சுட்டுப் போய் நின்னான். நர்ஸ் பொண்ணுகளும் லயத்துப் பிள்ளைகதானே, அதுகளும் நின்னுச்சுக. அப்பறம் பாத்தா, கட்டில்ல இருந்து போர்வையை உதறிட்டு முத்துப்பேச்சி எந்திரிச்சு, கால் பலகை டொக்கு டொக்குன்னு தட்ட ஓடி வந்து, தன் இடத்துல போய் நின்னுட்டா. தலைக்கட்டோட.

வேதமுத்து அவளை மேலயும் கீழயும் பாத்தார். "பொய்ச் சீக்கு"ன்னார். மூணு தடவை சொல்லலை. ஒரு தடவைதான் சொன்னார்.

அழகுமலை மூஞ்சி போன போக்கைச் சொல்லி முடியாது. "நான் சொன்னது ஒண்ணும் கணக்கில்லை பாத்துக்கோ"ன்னு பொண்டாட்டியைப் பாத்து உறுமிட்டு பாக்டரிக்கு நடையைக் கட்டிட்டான். ஆனா அதுக்கப்பறம் கொழம்பைக் குறை சொல்லலைன்னு அவ சொன்னா.

செங்கோட்டையன் அந்த ஆரஞ்சோடயே ஆபீசுக்குப் போயிட்டாருங்க. மறுநாள் வேதமுத்துவைக் கூப்பிட்டு, போதனை உதவியாளர்னு பதவிக்குப் பேரு போட்டாச்சு, லயத்து வீட்டுலயே இருந்துக்கலாம்னார். ஆனா ஒரு சங்கடம். அந்தக் கலாட்டாவுக்குப் பொறவு லயத்துல ஒருத்தியும் கட்டில்ல படுக்க மாட்டேன்னுட்டா. உசுரோட இருக்கறப்பவே ஒப்பாரி கேட்டவ இனி எதுக்குப் படுப்பா? யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டு செங்கோட்டையன் உத்தரவுல ரெண்டு வார்த்தை சேத்துட்டார். போதனை உதவியாளர் மற்றும் நோயாளி. கம்பெனி சம்பளத்துல நோயாளியா இருந்தது அந்த மலையில அவர் ஒருத்தர்தான். நெஞ்சை நிமுத்திட்டு நடந்தார் அந்த நொண்டிக் காலோட.

வேலை ஏத்துக்கிட்ட மறுநாள் பெரட்டுல கல்லு மேல ஏறி ஒரேயடியாச் சொல்லிட்டார். "இனிமே பள்ளிக்கூடக் கட்டில்ல நான் கிடந்தா அது எப்பவும் பொய்ச் சீக்கு. ஒவ்வொரு தடவையும் சொல்ல மாட்டேன். யாரும் வராதீய, ரொட்டி வாங்காதீய." எமனுக்கும் சேத்து மூணு தடவை.

அதுக்கப்பறம் எனக்குத் தொல்லை எச்சாத்தான் ஆச்சு. முந்தி பாடம் முடிஞ்சுதான் வருவார். இப்பப் பாடத்துக்கு நடுவுலயே படுத்திருக்கார். நான் நாடி பாக்கறது எப்படின்னு சொல்லிட்டிருப்பேன், கண்ணை மூடுன சீக்காளி மெதுவா, "டீச்சர், நடு நிரையில ரெண்டு செடி நிக்கி"ன்னு சொல்லுவார். சீக்காளின்னா வாயை மூடுங்கன்னு வைவேன். அஞ்சு நிமிசம் மூடுவார்.

ரெண்டு மழைக்காலம் போச்சு. மூணாவது மழையில லயத்துல பாதிப் பேருக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரி வார்டுல வெறுந்தரைகூட மிச்சமில்லை. சிசிலி அக்கா மக பிரசவத்துக்குன்னு போடிக்குப் போயிருந்தாங்க. அப்பத்தான் வேதமுத்துக்கு நெஞ்சுல சளி கட்டி நிமோனியா. வேற இடமில்லைன்னு எங்க பள்ளிக்கூடக் கட்டில்லயே போட்டோம். டாக்டர் ஊசி போட்டுட்டு என்னைத் தனியாக் கூப்பிட்டு உதட்டைப் பிதுக்குனார்.

ஒருத்தரும் வரலைங்க. எஸ்டேட்டுல பூனைக்குட்டிக்குச் சீக்குன்னாக்கூட எட்டிப் பாக்கற சனம், ஒருத்தர் வரலை. சன்னல் வழியாப் போறவிய சிரிச்சுட்டுப் போறாங்க. ஒருத்தன் நின்னு அவர் இருமறதைக் கேட்டுட்டு, "இன்னிக்கி இருமல் பிரமாதம் கங்காணி"ன்னு கையைத் தட்டிட்டுப் போனான். நான் வெளக்குமாத்தை எடுத்துட்டு ஓடறதுக்குள்ள மழையில மறைஞ்சுட்டான்.

அவர் வாசலையே பாத்துட்டிருந்தார். நான் நெத்திக்கு ஈரத்துணி போட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "யாருமே வரலையே டீச்சர்"ன்னார்.

"மழைங்க"ன்னேன்.

"மழைன்னா வராம இருப்பாவளா? எத்தனை பேருக்கு ரொட்டி வாங்கிட்டுப் போயிருக்கேன்."

எனக்குத் தாங்கலை. பெரட்டுல அவர் நாக்காலயே அவர் வெச்சுக்கிட்ட வினை, எனக்குத் தெரியும், ஆனா அதை அந்த மூஞ்சியைப் பாத்து எப்படிச் சொல்லறது? என்ற அப்பன் சாகக் கெடந்தப்பக்கூட எனக்கு அப்படி வலிக்கலைங்க, அங்க ஊடு நிறைய ஒறம்பரை இருந்துச்சு.

மறுநாள் வெள்ளென, கொடையைக்கூட எடுக்காம பெரட்டுக்களத்துக்குப் போனேன். அவர் ஏறற கல்லு மேல நானே ஏறுனேன். "வேதமுத்துக்கு நெசச் சீக்குங்க"ன்னேன். சிரிச்சாங்க. டீச்சர் நல்லாப் பாடம் எடுக்குதுன்னு ஒருத்தி சொன்னா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். மூணு தலைமுறையை இழுத்து வெச்சு வைஞ்சேன். உங்களுக்கெல்லாம் அவர் எத்தனை ரொட்டி கொண்டாந்தார், நன்றி கெட்ட சனமேன்னேன். வைஞ்சுட்டிருக்கறப்பவே அழுகை வந்துருச்சு. கல்லு மேல நின்னு ஓன்னு அழுதேன்.

சிரிச்சவிய கூடையைக் கீழ இறக்கி வெச்சாங்க. முத்துப்பேச்சிதான் சொன்னா. "மருதாத்தா டீச்சர் அழுவுது. அப்ப நெசம்தான்."

அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அந்த ரூம்ல ரொட்டி வெக்க எடமில்லை. துரைசானி மடியிலகூட ரெண்டு ரொட்டி இருந்துச்சு. அழகுமலை வந்து அவர் காலைத் தடவிட்டு உக்காந்திருந்தான். செங்கோட்டையன் வந்தார், மழையில நனைஞ்சு, ரெண்டு ஆரஞ்சோட. கூட்டத்தைப் பாத்துட்டுத் தயங்கி நின்னவரை வேதமுத்து கையாட்டிக் கூப்பிட்டு, "நிரையா வாங்க சார்"ன்னார். சாரும் வரிசையில நின்னு வந்தார்.

எல்லாரும் போன பொறவு வேதமுத்து என்னைக் கூப்பிட்டார். காய்ச்சல் இன்னும் எறங்கலை.

"பெரட்டுல என்ன சொன்னீய டீச்சர்?"

"நெசச் சீக்குன்னு சொன்னேன்."

"எத்தனை தடவை?"

"எண்ணலைங்க. நிறையச் சொன்னேன்."

கண்ணை மூடிட்டார். "அப்ப அவனுக்கும் கேட்டிருக்கும்"னார். பயந்துட்டார், அந்த மனுசன். என்ற கையைப் பிடிச்ச பிடியில தெரிஞ்சுச்சு.

நான் நர்சிங் படிச்சவ. நிமோனியா எதுல வருது, எதுல போகுதுன்னு பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணுனவ. விடிஞ்சதும் மறுபடியும் அந்தக் கல்லு மேல போய் ஏறுனேன். "நேத்துச் சொன்னது தப்பு. வேதமுத்துக்குப் பொய்ச் சீக்கு"ன்னேன். ஒருத்தரும் சிரிக்கலை. எதுக்குச் சொல்றேன்னு அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. முத்துப்பேச்சி தலையை நிமுத்தி, "ஆமா, பொய்ச் சீக்குத்தான்"னா. அழகுமலை சொன்னான். அப்பறம் களம் பூராவும் மலையைப் பாத்துச் சொல்லுச்சு, தொண்டை கட்டற வரைக்கும்.

எமன் காதுல விழுந்துச்சோ, ஊசி மருந்து வேலை செஞ்சுச்சோ, அந்த வாரக் கடைசியில காய்ச்சல் எறங்கிருச்சுங்க. கண்ணு தொறந்து என்னைப் பாத்தார். உதறிட்டிருந்த தெர்மாமீட்டரையும் பாத்தார். "காலுப் பக்கம் உதறாதீய டீச்சர்"னு சொல்லிட்டுக் காலை இழுத்துக்கிட்டார்.